பனடோல் கொடுத்து அனுப்பிய பிள்ளை

மாரி மழை இன்னும் முழுதாக ஓயாத ஒரு நாள். வன்னியில் ஒரு கிராமத்துப் பாடசாலையில் தரம் மூன்றுப் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கூட்டம். வந்திருந்தவர்களில் ஓரிருவரைத் தவிர எல்லோரும் தாய்மாரும் அம்மம்மாமாரும்தான். கூட்டம் வைத்தது புத்தகத்துக்காகவோ சீருடைக்காகவோ அல்ல. அதற்கு முந்திய கிழமை அந்த வகுப்பில் பாதி வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. திங்கட்கிழமை ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். புதன்கிழமை நாலைந்து பிள்ளைகளுக்கு. வெள்ளிக்கிழமை வகுப்பாசிரியையும் படுத்துவிட்டார்.

தொண்டை அடைத்த குரலோடுதான் அவர் பேசினார். "ஆர் முதல்ல காய்ச்சலோடை வந்தது எண்டு நான் கேக்கேல்லை. இனிமேல் பிள்ளைக்கு மேல் சுட்டால் அனுப்பாதேங்கோ அம்மா, அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு பின்வாங்கில் இருந்த ஒரு தாய் எழுந்தார். "என்ர பிள்ளைதான் ரீச்சர். காலமை மேல் சுட்டது. பனடோல் குடுத்தன், விட்டிட்டுது. அனுப்பிப்போட்டு வேலைக்குப் போனன். நான் நிண்டால் அண்டைய சம்பளம் இல்லை."

அவரை ஒருவரும் ஏசவில்லை. ஏசுவதற்கு அங்கே யாருக்கும் தகுதியும் இருக்கவில்லை. பலரும் அதையே செய்திருந்தார்கள். இதை எழுதும் நானும், என் மகன் சிறுவனாக இருந்தபோது, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அரைக் குளிசையை உடைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று என்னையே நான் ஏமாற்றிக்கொண்டது இன்றும் நினைவிருக்கிறது.

அந்தத் தாய் சொல்லி முடிக்கவில்லை. பிள்ளை நாலு நாளில் எழும்பி ஓடித் திரிந்ததாம். ஆனால் அவன் படுத்த பாயிலேயே பக்கத்தில் படுத்த அவருடைய தாய்க்கு ஏற்கெனவே தொய்வு. காய்ச்சல் தொற்றி மூச்சு முட்டி, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஒட்சிசன் வைத்து ஒன்பது நாள் வாட்டில் வைத்திருந்தார்கள். ஒரு நாள் சம்பளத்தைக் காப்பாற்றப் போய் ஒன்பது நாள் சம்பளம் போனது. அம்மம்மா உயிரோடு வீடு வந்து சேர்ந்தது அந்தக் குடும்பத்தின் நல்ல காலம்.

மாரி தொடங்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் நீளும் வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூட்டம்தான் நினைவுக்கு வரும். காய்ச்சல் பரவாமல் தடுப்பது பற்றி எழுதும்போது கை கழுவுங்கள், வாயை மூடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. உண்மையான கேள்வி அந்தத் தாய் கேட்டதுதான். பிள்ளையை வீட்டில் நிறுத்தினால் யார் பார்ப்பது?

மருந்து குறைப்பது சூட்டை மட்டும்

இங்கே சொல்லப்படுவது இன்புளுவென்சா என்ற வைரஸ் கிருமியால் வரும் காய்ச்சல். சாதாரணத் தடிமன் மெல்ல மெல்ல வரும். மூக்கு ஒழுகும், தும்மல் வரும், பிள்ளை விளையாடிக்கொண்டே இருக்கும். இன்புளுவென்சா அப்படியல்ல. காலையில் நன்றாக இருந்த பிள்ளை பின்னேரம் மேல் கொதித்துப்போய்ச் சுருண்டு படுக்கும். உடம்பு முழுக்க உளைவு, தலையிடி, வறட்டு இருமல். சில பிள்ளைகளுக்குச் சத்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்து வரும்.

கிருமி உடலுக்குள் போய் ஒன்று முதல் நாலு நாளுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளில், காய்ச்சல் தெரியும். ஆனால் காய்ச்சல் தெரிவதற்கு முந்திய நாளே அந்தப் பிள்ளை மற்றவர்களுக்குக் கிருமியைக் கொடுக்கத் தொடங்கிவிடும். அதை நாங்கள் தடுக்க முடியாது, ஏனென்றால் எங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வரும் முதல் மூன்று நாலு நாள்தான் கிருமி மிக அதிகமாக வெளியேறும் காலம். வளர்ந்தவர்கள் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்புவார்கள். சிறுபிள்ளைகள் அதற்கு மேலும் சில நாள் பரப்பலாம்.

பனடோல் என்று நாங்கள் சொல்லும் பரசிற்றமோல் சூட்டைக் குறைக்கும், உளைவைக் குறைக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது. குளிசை குடித்த பிள்ளை உற்சாகமாகப் பள்ளிக்கு நடக்கும், பக்கத்துப் பிள்ளையோடு தோள் முட்ட இருந்து எழுதும், இடைவேளையில் கட்டிப்பிடித்து விளையாடும். படுத்துக் கிடக்கும் நோயாளியைவிட எழும்பி நடக்கும் நோயாளியால்தான் காய்ச்சல் அதிகம் பரவுகிறது. பதினொரு மணிக்கு மருந்தின் பலம் குறைந்து மேல் திரும்பச் சுடும்போது வகுப்பில் அரைவாசிப் பேருக்கு விதை விழுந்திருக்கும்.

இருமும்போதும் தும்மும்போதும் சத்தமாய்ப் பேசும்போதும் வாயிலிருந்து பறக்கும் சிறு துளிகளில்தான் கிருமி போகிறது. பெரிய துளிகள் ஓரிரு மீற்றருக்குள் விழுந்துவிடும். மிக நுண்ணியவை காற்றோட்டமில்லாத அறையில் கொஞ்ச நேரம் மிதந்துகொண்டிருக்கும். எங்கள் கிராமப் பாடசாலைகளின் அரைச்சுவர் வகுப்பறைகள் இந்த விஷயத்தில் நல்லவை. காற்று நன்றாக அடிக்கும். ஆனால் மழை வந்ததும் தூவானம் அடிக்காமல் தறப்பாளைத் தொங்கவிட்டு, பிள்ளைகளை ஒரு மூலைக்கு நெருக்கி இருத்துவோம். அந்த நேரம்தான் காய்ச்சல் காலமும். இலங்கையில் இன்புளுவென்சா வழக்கமாக வருடத்தில் இரண்டு தடவை கூடுகிறது. ஒன்று ஏப்ரல், மே, ஜூன் மாதங்களை ஒட்டி, மற்றது நவம்பர் முதல் ஜனவரி, பெப்ரவரி வரை. இரண்டாவது எங்கள் வடக்குக் கிழக்கு மழையோடு சேர்ந்தே வருகிறது. மழை நிற்கும் பக்கத்துத் தறப்பாளையாவது சுருட்டிக் கட்டச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள்.

பிள்ளை தப்பும், வீட்டில் இருப்பவர்?

பெரும்பாலான பள்ளிப் பிள்ளைகள் ஒரு கிழமைக்குள் சுகமாகிவிடுவார்கள். அதனால்தான் நாங்கள் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் பெரிய சங்கடம். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள், தொய்வு, இருதய நோய், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தக் காய்ச்சல் நிமோனியாவாக மாறும் ஆபத்து அதிகம்.

இதற்கு ஜப்பானிலிருந்து ஒரு சாட்சி இருக்கிறது. அங்கே 1960களில் தொடங்கிப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இன்புளுவென்சாத் தடுப்பூசி ஏற்றி வந்தார்கள். பெற்றோர் விரும்பாவிட்டால் விடலாம் என்று 1987 இல் சொன்னார்கள். 1994 இல் திட்டமே நின்றுபோனது. பின்னர் அந்த வருடங்களின் இறப்புக் கணக்கை எடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், பிள்ளைகளுக்கு ஊசி ஏற்றிய காலத்தில் மாரியில் முதியவர்களின் இறப்புக் குறைந்திருந்ததையும், ஊசி நின்றபின் அது திரும்பக் கூடியதையும் கண்டு 2001 இல் எழுதினார்கள். ஊசி ஏற்றியது பேரனுக்கு. தப்பியது பாட்டி.

எங்கள் வீடுகளின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். தகப்பன் இல்லாத வீடு, அல்லது தகப்பன் தூரத்தில் கூலிக்குப் போன வீடு. ஒரே அறை, ஒரே பாய். அம்மம்மா பிள்ளையைப் பார்ப்பதால்தான் தாய் வேலைக்குப் போக முடிகிறது. அந்த அம்மம்மா விழுந்தால் முழு வீடும் விழும்.

சின்னப் பிள்ளைகளுக்கும் ஆபத்து இல்லையென்று நினைக்க வேண்டாம். 2018 மே மாதத்தில் தென் மாகாணத்தில் பரவிய வைரஸ் காய்ச்சலில் மிகச் சிறு வயதுக் குழந்தைகள் பலர் இறந்தார்கள். காலி, மாத்தறைப் பக்கத்து வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தன. ஒரு வீட்டில் பள்ளிக்குப் போகும் அண்ணனும் தொட்டிலில் தம்பியும் இருந்தால், அண்ணனின் காய்ச்சல் தம்பியின் ஆபத்து.

எத்தனை நாள் மறிப்பது?

கணக்கு எளிது. பனடோல் கொடுக்காமலே இருபத்துநாலு மணித்தியாலம் மேல் சுடாமல் இருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள் எடுக்கும். இருமல் இரண்டு கிழமைகூட இழுபடும். அதற்காக இரண்டு கிழமை மறிக்க வேண்டியதில்லை. காய்ச்சல் விட்டு, பிள்ளை சாப்பிட்டு விளையாடத் தொடங்கினால் மிஞ்சிய இருமலோடு போகலாம். ஒரு லேஞ்சி கொடுத்து, கையில் இருந்தால் ஒரு முகக்கவசமும் கொடுத்து அனுப்புங்கள்.

அன்றைய கூட்டத்தில் இதைச் சொன்னதும் முதல் வந்த மறுமொழி, "ஐஞ்சு நாள் படிப்புப் போயிடுமே ரீச்சர்."

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் இருந்த தாய்மாரில் பலர் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படித்தவர்கள். ஒரு தவணை மரத்துக்குக் கீழே, அடுத்த தவணை கோயில் மண்டபத்தில், பிறகு படிப்பே இல்லை. சிலர் 2009 இல் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்து பரீட்சை எழுதியவர்கள். அந்த வருடம் அந்த முகாம்களில் கொப்பளிப்பானும் செங்கண்மாரியும் எப்படிப் பரவியது என்று கண்ணால் கண்டவர்கள். ஒரு கூடாரத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் அந்த வரிசை முழுவதற்கும் வரும். பிரித்து வைக்க இடம் இருக்கவில்லை. இழந்த பள்ளி நாட்களின் கணக்கு அவர்கள் மனதில் இன்னும் தீரவில்லை. அதனால் தன் பிள்ளை ஒரு நாளும் தவறக்கூடாது என்று பிடிவாதமாய் நிற்கிறார்கள்.

ஆனால் காய்ச்சலோடு வந்த ஒரு பிள்ளையால் பத்துப் பிள்ளைகள் ஐந்து ஐந்து நாள் நிற்க நேர்கிறது. ஆசிரியை படுத்தால் வகுப்பே நிற்கிறது. ஐந்து நாளை மிச்சம் பிடிக்கப் போய் ஐம்பது நாள் போகிறது.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சில பாடசாலைகளில் வருடம் முழுவதும் ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்குப் பரிசளிப்பு விழாவில் பரிசு கொடுக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் தொடங்கியிருப்பார்கள். ஆனால் அந்தக் கிண்ணத்துக்காகவே காய்ச்சலை மறைத்துக்கொண்டு வரும் பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பரிசை நிறுத்திவிடலாம் என்பது என் அபிப்பிராயம். நோயால் நின்ற நாளைக் குறையாகக் கணக்கெடுக்க மாட்டோம் என்று ஒரு அதிபர் காலைக் கூட்டத்தில் சொன்னால், அது நூறு சுவரொட்டியைவிடப் பலன் தரும். மதிய உணவு தரும் பாடசாலைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பிள்ளை நின்றால் அந்த ஒரு நேரச் சாப்பாடும் போய்விடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பாத்திரம் கொடுத்துவிட முடியுமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முறை வைத்துப் பார்ப்பது

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். யார் பார்ப்பது?

அந்தக் கூட்டத்தில் இதற்கு மறுமொழி சொன்னது ஒரு வயதான ஆச்சி. "முந்தி அரிவு வெட்டுக்குப் போகேக்கை ஒரு வீட்டிலை எல்லாக் குஞ்சுகளையும் விட்டிட்டுத்தானே போனனாங்கள்." உண்மைதான். முகாமிலும் அப்படித்தான் செய்தோம். தண்ணீர் வரிசைக்கு ஒருத்தி நின்றால் மற்றவள் இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் பார்த்தாள். வீடு திரும்பி மதில் கட்டிய பிறகுதான் ஒவ்வொருவரும் தனித்தனியானோம்.

அந்த ஊர் மாதர் சங்கத்துப் பெண்கள் அன்றே ஒரு அப்பியாசக் கொப்பியில் முறை எழுதினார்கள். எழுதும்போதே தகராறு வந்தது. சுகமில்லாத பிள்ளையைப் பார்க்கப் போய்த் தனக்குத் தொற்றினால் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் சில விஷயங்களை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். கர்ப்பிணியும், கைக்குழந்தை உள்ளவரும், தொய்வு அல்லது நீரிழிவு உள்ளவரும் இந்த முறைக்கு வரக்கூடாது. அவர்கள் வேறு உதவி செய்யலாம். கஞ்சி காய்ச்சி வாசலில் வைக்கலாம், சங்கக் கடைக்குப் போய் வரலாம். இந்தப் பருவத்தில் ஏற்கெனவே அந்தக் காய்ச்சல் வந்து சுகமானவர் பார்ப்பது எல்லாவற்றிலும் நல்லது. அவருக்கு அதே கிருமி உடனே திரும்பத் தொற்றுவது அரிது. பிள்ளையை அறைக்குள் பூட்டி வைக்காமல் விறாந்தையில் பாய் போட்டுப் படுக்க வைக்கலாம். காற்றும் படும், பார்ப்பவருக்கும் தொற்று குறையும். பிள்ளையை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோவதைவிடப் பார்ப்பவர் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு வருவது நல்லது. அந்த வீட்டு அம்மம்மா அந்த மூன்று நாலு இரவு தள்ளிப் படுக்கட்டும். எதிர் மூலையில் என்றாலும் பரவாயில்லை, ஒரே பாய் வேண்டாம்.

ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்களுக்கு இந்த முறை முழுதாகச் சரிவரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் வெளிக்கிடுவது விடியற்காலை, வீடு சேருவது இருட்டியபின். அவ்வளவு நேரம் பார்க்க இரண்டு பேர் வேண்டும். அந்தக் கொப்பியில் அவர்களுடைய பெயருக்கு நேரே இரண்டு பெயர்கள் எழுதியிருந்தன. சில நாட்களில் இரண்டாவது ஆள் வரவில்லை.

சவர்க்காரத் துண்டும் ஐந்து லீற்றர் கானும்

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடித் திறந்தபோது வாசல்தோறும் கை கழுவும் தொட்டி வந்தது நினைவிருக்கும். இன்று போய்ப் பாருங்கள். நான் பார்த்த ஒன்றில் குழாயின் பிடி இல்லை. இன்னொன்றில் தொட்டிக்குள் பூக்கன்று நட்டிருந்தார்கள். பூ வடிவாகத்தான் இருந்தது.

பாகிஸ்தானின் கராச்சி நகரத்தில், எங்களைப் போலவே நெருக்கமாகவும் வறுமையிலும் வாழும் குடியிருப்புகளில் ஒரு ஆய்வு செய்தார்கள். சில வீடுகளுக்குச் சவர்க்காரம் கொடுத்து, கிழமைக்குக் கிழமை போய்க் கை கழுவும் பழக்கத்தை ஊக்கப்படுத்தினார்கள். 2005 இல் அதன் முடிவு வெளிவந்தது. அந்த வீடுகளில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு நிமோனியா மற்ற வீடுகளைவிட அரைவாசியாகக் குறைந்திருந்தது. வயிற்றோட்டமும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. கிருமிநாசினி கலந்த விலை கூடிய சவர்க்காரமும் சாதாரணச் சவர்க்காரமும் ஒரே பலனைத்தான் தந்தன. ஆகையால் விளம்பரத்தைப் பார்த்து விலை கூடியதை வாங்க வேண்டாம்.

கை கழுவுவதால் மட்டும் இன்புளுவென்சா முழுதாக நிற்காது. அது காற்றிலும் போகும் நோய். ஆனால் மூக்கைத் துடைத்த கை மேசையில் பட்டு, மேசை அடுத்த பிள்ளையின் கையில் பட்டு, அந்தக் கை கண்ணுக்கோ வாய்க்கோ போகும் வழியை அது அடைக்கும். மேசை, கதவுப்பிடி போன்ற வழுவழுப்பான இடங்களில் இந்தக் கிருமி ஒரு நாள், இரண்டு நாள்கூட உயிரோடு கிடக்கும். விரலிடுக்கு, நகக்கண், பெருவிரல் எல்லாம் தேய்த்து இருபது விநாடி கழுவ வேண்டும்.

குழாய் இல்லாத இடத்தில் ஆபிரிக்காவின் சிம்பாப்வேயில் 1980களில் கண்டுபிடித்த ஒரு முறையைச் செய்யலாம். ஐந்து லீற்றர் பிளாஸ்ரிக் கான் ஒன்றை எடுங்கள். ஆணி ஒன்றைச் சுடவைத்து, கானின் மேற்பக்கத்தில் மூடிக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துவாரம் போடுங்கள். இரண்டு கவட்டைத் தடிகளை நட்டுக் குறுக்கே ஒரு தடி வைத்து, கானின் பிடியை அதில் கோத்துத் தொங்கவிடுங்கள். கானின் கழுத்தில் ஒரு கயிறு கட்டி, மற்ற முனையை நிலத்தில் கிடக்கும் ஒரு தடியில் முடியுங்கள். காலால் தடியை மிதித்தால் கான் சரிந்து மெல்லிய தாரையாய்த் தண்ணீர் வரும், காலை எடுத்தால் நிற்கும். கையால் தொட வேண்டியதே இல்லை. ஒரு பிள்ளை கை கழுவ ஒரு கோப்பைத் தண்ணீர்கூடச் செலவாகாது. தேய்ந்த சவர்க்காரத் துண்டுகளை வெங்காயம் வரும் வலைப்பைக்குள் போட்டுப் பக்கத்தில் கட்டிவிட்டால் காகமும் கொண்டுபோகாது, மண்ணும் ஒட்டாது. கீழே கொஞ்சம் கல் பரவினால் நுளம்பு பெருகத் தண்ணீர் தேங்காது. தரம் ஐந்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அரை மணித்தியாலத்தில் கட்டி முடிப்பார்கள். கானை நிரப்பும் பொறுப்பையும் அவர்களுக்கே கொடுங்கள்.

பிள்ளைக்குப் பழக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. இருமல் வந்தால் உள்ளங்கையால் பொத்தாமல் முழங்கை மடிப்புக்குள் இருமுவது ஒன்று. ஒரே தண்ணீர்ப் போத்தலில் நாலு பேர் வாய் வைக்காதிருப்பது மற்றது. எங்கள் ஆச்சிமார் செம்பை உதட்டில் முட்டாமல் அண்ணாந்து குடிக்கப் பழக்கினார்கள். அன்று அதைக் கட்டுப்பெட்டித்தனம் என்று சிரித்தோம்.

வீட்டில் பார்க்கும்போது

நிறைய நீராகாரம் கொடுங்கள். அரிசிக் கஞ்சி, இளநீர், கொத்தமல்லித் தண்ணீர், தேசிக்காய்த் தண்ணீர், எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. பனடோல் கொடுப்பதானால் பிள்ளையின் வயதைவிட நிறையைப் பாருங்கள். ஒரு கிலோவுக்குப் பத்து முதல் பதினைந்து மில்லிகிராம். இருபது கிலோ உள்ள பிள்ளைக்கு 500 மில்லிகிராம் குளிசையில் பாதி. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். அஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. இபுபுறூபன் போன்ற நோமாத்திரைகளும் வேண்டாம். காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவை உண்டாக்கும். போனமுறை மிஞ்சிய அன்ரிபயோற்றிக் குளிசை வைரஸ் காய்ச்சலுக்கு உதவாது. வேது பிடிப்பதாகக் கொதிதண்ணீர்ப் பானைக்கு முன் சிறுபிள்ளையை இருத்த வேண்டாம். பானை சரிந்து வெந்த பிள்ளைகள் உண்டு. தேன் கொடுக்கலாம், ஆனால் ஒரு வயது முடியாத குழந்தைக்கு அல்ல.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமானது. மாரியில் வரும் எல்லாக் காய்ச்சலும் இன்புளுவென்சா அல்ல. எங்கள் பகுதிகளில் டெங்கு கூடுவதும் இதே மாதங்களில்தான். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் என்னவென்று தெரியாத காய்ச்சலால் அடுத்தடுத்து இறப்புகள் நடந்தபோது, அது எலிக்காய்ச்சல் என்று பிறகுதான் தெரிந்தது. தடிமனும் இருமலும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால் கூடுதல் கவனம் தேவை. காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். வயலில் இறங்கும் தாய்மார் தங்களுக்கு வரும் காய்ச்சலையும் தள்ளிப்போட வேண்டாம்.

மூன்றாம் நாள் வரை காத்திருக்கக்கூடாத நேரங்களும் உண்டு. பிள்ளை மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே உள்ளிழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், ஒன்றுமே குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் எழும்பாமல் தூங்கி வழிந்தால், வலிப்பு வந்தால், ஆறு எட்டு மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டால், கடும் வயிற்றுவலியோ இரத்தக்கசிவோ இருந்தால் இரவென்றும் பாராமல் புறப்படுங்கள். கைக்குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு முதல் பதினொரு மாதக் குழந்தைக்கு ஐம்பது அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை நாற்பது அல்லது அதற்கு மேல் என்றால் அது நிமோனியாவின் அறிகுறியாக இருக்கலாம். காய்ச்சல் விட்டுச் சுகமாகி, இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு திரும்பக் காய்ச்சலும் இருமலும் கூடினாலும் அப்படித்தான்.

கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று நாள் கணக்கு இல்லை. அன்றே போக வேண்டும். இன்புளுவென்சாவுக்கென்று கொடுக்கும் மருந்து முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். தடுப்பூசியும் உண்டு, ஆனால் அது எங்கள் பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் இலவசமாக ஏற்றும் ஊசிகளில் ஒன்றல்ல. தனியாரிடம் பணம் கொடுத்துத்தான் போட வேண்டும், ஒவ்வொரு வருடமும் போட வேண்டும். வீட்டில் கடும் தொய்வு உள்ளவரோ கர்ப்பிணியோ இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் இது பற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

அந்தத் தரம் மூன்று வகுப்புக்கு அடுத்த மாரியில் மறுபடி போனேன். வாசலுக்குப் பக்கத்தில் கவட்டைத் தடியில் இரண்டு கான்கள் தொங்கின. ஒன்றில் தண்ணீர் இருந்தது. வாங்குகளில் இரண்டு வெறுமை. "காய்ச்சல், மறிச்சுப்போட்டினம்" என்றார் ஆசிரியை. முந்திய வருடம் பின்வாங்கிலிருந்து எழுந்து பேசிய தாயை வழியில் கண்டேன். ஒரு பையில் இளநீரும் கஞ்சிக்கு அரிசியும் கொண்டு போனார். யார் வீட்டுக்கு என்று கேட்டேன். "எங்கட வீட்டுக்கில்லை அக்கா. இண்டைக்கு என்ர முறை" என்றார்.